செவ் வேலைக்கு எங்களுடைய பெயர் ஏன் வருவதில்லை?



சென்ற இதழில் இரவுவேலைச் சம்பளம் பற்றி எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, பேர்ண் மாநிலத்திலிருந்து ஒரு அண்ணை தொலைபேசி எடுத்தார். ஒரே உணவகத்தின் குசினியில் 19 வருடமாக நிற்கிறார். கோப்பை கழுவத் தொடங்கி, சலாட் வெட்டி, இன்றைக்கு சோஸ், இறைச்சி என்று அடுப்பில் எல்லாம் அவர்தான். போன வருடம் அங்கிருந்த செவ் விலகிப் போக, முதலாளி 26 வயதுச் சுவிஸ் பெடியன் ஒருவனைக் கொண்டுவந்து விட்டாராம்.

"தம்பி, எந்தச் சாமான் எங்கை கிடக்கு, மரக்கறிக்காரன் எப்ப வருவான் எண்டு அவனுக்குக் காட்டிக் குடுத்ததே நான்தான். நிறத்தைப் பாத்துத்தான் செய்தவங்கள், வேறை என்ன?"

நிறமும் இருக்கலாம். இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனாலும் அண்ணையிடம் இரண்டு கேள்வி கேட்டேன். அந்த இடம் காலியானபோது "எனக்குத் தாருங்கள்" என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. கையில் தொழிற்பத்திரம் ஏதும் இருக்கிறதா? இல்லை. வந்த பெடியனிடம் மூன்று வருடம் படித்த சமையற்காரர் பத்திரம் இருக்கிறது. அண்ணையின் கைப்பக்குவம் அவனுக்கு இன்னும் பத்து வருடத்துக்கு வராது என்றே வைத்துக்கொள்வோம். செவ் என்ற பொறுப்பில் கைப்பக்குவம் பாதிதான். மற்றப் பாதி பென்சிலிலும் வெப்பமானியிலும் வாயிலும் இருக்கிறது. எம்மவர்கள் பலர் அந்தப் பாதியைத் தங்களுடைய வேலை இல்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

பென்சில் என்று சொன்னது கணக்கை. ஒரு உதாரணம் பார்ப்போம். இறைச்சி கிலோ 30 பிராங்கிற்கு வருகிறது. கொழுப்பு, சவ்வு எல்லாம் வெட்டி எறிய 750 கிராம் மிஞ்சுகிறது. அப்படியானால் சமைக்கக்கூடிய இறைச்சியின் உண்மை விலை கிலோ 40 பிராங். ஒரு தட்டுக்கு 180 கிராம் வைத்தால் 7 பிராங் 20 சதம். வெட்டி எறிந்ததை மறந்து 30 பிராங்கில் கணக்குப் பார்த்தவருக்கு 5 பிராங் 40 சதம்தான் வரும். தட்டுக்கு 1 பிராங் 80 சதம் பிழைக்கிறது. ஒரு நாளில் 60 தட்டுப் போனால் 108 பிராங். முதலாளி இரவில் இதைத்தான் யோசித்துக்கொண்டு படுக்கிறார். விற்பனையில் 100 பிராங்கிற்கு 30 பிராங் அளவில் சாமான் செலவு நிற்கவேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஓ.எல். உடன் பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே இது விளங்குகிறது. எங்கள் தொழிற்சாலையிலும் இதே கதைதான்: மெஷினை ஓட்டுபவர்கள் பலர், அது எவ்வளவு தின்கிறது என்று கொப்பியில் எழுதுபவர் ஒருவர். அந்த ஒருவர்தான் பிறகு சிவ்ற் பொறுப்பாளர்.

அடுத்தது வெப்பமானி. குளிர்பெட்டி 5 பாகைக்கு மேலே போகக்கூடாது, உறைபெட்டி சைபருக்குக் கீழே 18, சூடாக வைத்துப் பரிமாறுவது 65 பாகைக்குக் குறையக்கூடாது. இதெல்லாம் கழுவுகிற தம்பிக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு நாளும் பார்த்து எழுதிக் கையெழுத்து வைப்பது யார்? மாநில உணவுப் பரிசோதகர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். வந்தவர் சாப்பாட்டை ருசி பார்ப்பதில்லை, கோவையைத்தான் கேட்பார். சில குசினிகளில் மாதக் கடைசியில் ஒரே பேனையால் முப்பது நாளுக்கும் 4 பாகை என்று எழுதி வைப்பார்கள். பரிசோதகருக்கும் கண் இருக்கிறது.

பிறகு ஆட்கள். உணவகத் துறையின் பொது வேலை ஒப்பந்தப்படி சாதாரண இடங்களில் கிழமைக்கு 42 மணித்தியாலம், கிழமைக்கு 2 நாள் ஓய்வு, வருடத்திற்கு 5 கிழமை விடுமுறை. வேலை அட்டவணையை 2 கிழமைக்கு முன்பே எழுத்தில் கொடுக்கவேண்டும். சுகமில்லை என்று ஒருவர் காலையில் தொலைபேசி எடுத்தால் அந்த அட்டவணையை உடனே மாற்றிப் போடுவதும் செவ்வின் தலையில்தான். இதற்குத்தான் வாய் வேண்டும். "ஹொட்பிளாற்றே", "பெர்ற்றிக்" என்கிற குசினி டொச் போதாது. பழுதான மீனைத் திருப்பி அனுப்பக் கதைக்கவேண்டும், கடிதம் எழுதவேண்டும். எங்களுடைய ஆட்களுக்குப் பெரிய மதில் இதுதான், சமையல் இல்லை.

சரி, பத்திரத்துக்கு வருவோம். இங்கு 2004 இல் நடைமுறைக்கு வந்த தொழிற்கல்விச் சட்டத்தின் கீழ், ஆகக் குறைந்தது 5 வருட வேலை அனுபவம் உள்ள வளர்ந்தவர்கள், பெடியன்களோடு மூன்று வருடம் பயிலுனராக நிற்காமலே இறுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம். விதியின் இலக்கம் 32. மாநிலத் தொழிற்கல்வி அலுவலகத்தில் கேட்டால் உடனே விளங்கிக்கொள்வார்கள். செய்முறை, தொழில் அறிவு, பொதுப்பாடம் எல்லாம் உண்டு. பரீட்சை இந்த நாட்டு மொழியில். அதனால் முதலில் மொழி வகுப்பு, பிறகு பரீட்சை. அவ்வளவு துணிவு வராதவர்களுக்கு "புரோகிரெஸ்ஸோ" என்ற குறுகிய பயிற்சி இருக்கிறது. படிப்பில்லாமல் குசினியில் நிற்பவர்களுக்கென்றே ஏற்படுத்தியது. அந்தப் பொது ஒப்பந்தத்தின் நிதியிலிருந்து செலவுக்கு உதவியும் உண்டு. அதை முடித்தாலே சம்பளப் படி ஒன்று கூடும்.

2024 இன் குறைந்தபட்சச் சம்பளத்தைப் பார்த்தால், படிப்பில்லாதவருக்கும் மூன்று வருடப் பத்திரம் உள்ளவருக்கும் மாதம் ஏறத்தாழ 800 பிராங் வித்தியாசம். 13 ஆம் மாதச் சம்பளத்தையும் சேர்த்தால் வருடத்துக்கு 10,000 பிராங்கைத் தாண்டும். அதற்குப் பிறகு 40 மணித்தியாலப் பயிற்சி ஒன்று எடுத்தால் பயிலுனர்களுக்குப் பழக்கிவிடும் உரிமையும் வரும். செவ் ஆக விரும்பும் ஒருவருக்கு இது பெரிய தகுதி. அதற்கும் மேலே நாடளாவிய செவ் பரீட்சைகள் இருக்கின்றன. அது பிறகு பார்க்கலாம்.

"எனக்கு 47 வயது, இனி எதுக்கு?" என்றார் அண்ணை. ஓய்வூதிய வயது 65. இன்னும் 18 வருடம் அடுப்படியில் நிற்கப்போகிறார். நின்றேதான் ஆகவேண்டும் என்றால் கூடின சம்பளத்துக்கு நிற்பதில் என்ன குறை?

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. செவ் வேலை குடும்பத்தைத் தின்னும். மத்தியானம் 2 மணிக்கு விட்டு, பின்னேரம் 5 மணிக்குத் திரும்பப் போய், இரவு 11 மணிக்கு வீடு வந்தால் பிள்ளைகள் நித்திரை. சனி ஞாயிறில் கோயில், கலைவிழா, தமிழ்ப்பள்ளி எதுவும் இல்லை. மனைவியும் பின்னேர வேலை என்றால் யோசித்துச் செய்யுங்கள். என்னைக் கேட்டால் பத்திரம் எடுத்தபின் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், பெரிய நிறுவனங்களின் உணவுச்சாலை ஆகியவற்றைப் பார்ப்பது புத்தி. சமைப்பது நூற்றுக்கணக்கானோருக்கு என்றாலும் பெரும்பாலும் பகல் வேலை. முதியோர் இல்லத்தில் மென்று சாப்பிட முடியாதவர்களுக்குத் தனிச் சாப்பாடு, நீரிழிவுக்காரருக்குத் தனிக் கணக்கு என்று படிக்கவும் நிறைய இருக்கிறது.

தொடங்குவதற்கு முதல், வேலைசெய்த எல்லா இடத்திலும் சான்றிதழ் வாங்குங்கள். இப்போது வேலை செய்யும் இடத்திலும் எந்த நேரமும் இடைக்காலச் சான்றிதழ் கேட்கச் சட்டத்தில் உரிமை உண்டு. முதலாளி கோபிப்பார் என்று பயப்படவேண்டாம். "சமையற் பயிற்சிக்குத் தேவை" என்று சொல்லிக் கேளுங்கள். அதில் வெறுமனே "குசினி உதவியாளர்" என்று எழுதித் தந்தால் வாங்கவேண்டாம், உண்மையில் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். பழைய உணவகம் பூட்டுப்பட்டு முதலாளியும் எங்கென்று தெரியாவிட்டால், ஆ.ஹா.வௌ. ஓய்வூதியக் காசாலையில் உங்களுடைய கணக்கு விபரத்தைக் கேளுங்கள். எந்த வருடம் எந்த முதலாளியிடம் உழைத்தீர்கள் என்று அதில் இருக்கும். காசு கேட்கமாட்டார்கள்.