வெள்ளிக்கு மாற்றாக வரும் மை

பழைய கீபோர்டு ஒன்றைத் திருப்பித் திருகுகளைக் கழற்றினால், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். அவற்றில் நெளிந்தோடும் சாம்பல் நிறக் கோடுகள் கம்பிகள் அல்ல, அச்சடித்த மை. பெரும்பாலும் வெள்ளித் துகள் கலந்த மை.

சூரிய மின்கலத்தின் மேலுள்ள மெல்லிய கோடுகளும் வெள்ளிதான். உலகின் ஆண்டு வெள்ளித் தேவையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இப்போது சோலார் பேனல்களுக்கே போகிறது. கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில், எல்லோர் கண்ணும் செம்பின் பக்கம் திரும்பியிருப்பதில் வியப்பில்லை. மின்கடத்தலில் வெள்ளியைவிடச் செம்பு சுமார் 6 சதவீதமே குறைவு. விலையோ நூறில் ஒரு பங்குகூட இல்லை.

சிக்கல் துகளின் அளவில் இருக்கிறது. வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் நானோ துகள்களாக்கினால் 150 டிகிரி அருகிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடியிலுள்ள பிளாஸ்டிக் தாள் தப்பிக்கும். செம்பை அதே அளவுக்குப் பொடித்தால், காற்றுப்படும் பரப்பு பெருகி, ஆக்சைடு படிந்து மின்சாரத்தை மறிக்கிறது. வெள்ளியும் அப்பழுக்கற்றதல்ல. ஈரப்பதத்தில் மின்னழுத்தம் இருந்தால் அது அயனியாக நகர்ந்து, பக்கத்துக் கோட்டை நோக்கிக் கிளைவிட்டு வளரும். ஒருநாள் ஷார்ட் சர்க்யூட் ஆகும்.

இரண்டையும் கலந்தால் என்ன? திட நிலையில் இவை எளிதில் கலப்பதில்லை. கலவைத் துகளைச் சூடாக்கினால் பிரிந்துவிடும். அதனால் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல, செம்புத் துகளின் மேல் வெள்ளி பூசும் வழி பிடிபட்டது. சீனாவில் ஹெட்டரோஜங்ஷன் வகை மின்கலங்களில் இத்தகைய துகள்கள் கலந்த பசை ஏற்கெனவே பயன்படுகிறது. அவற்றை 200 டிகிரிக்கு மேல் சூடாக்குவதில்லை என்பதால் அது சாத்தியமானது. மற்ற பெரும்பாலான மின்கலங்களை 700 டிகிரிக்கும் மேல் சுட வேண்டும். அந்தச் சூட்டில் பூச்சு நிலைக்காது, செம்பு சிலிக்கானுக்குள் புகுந்து கலத்தையே கெடுத்துவிடும்.

புதிய மையை அறிவிப்பவர்கள் முதல் நாள் மின்கடத்தலைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு அது போதாது. திருநெல்வேலி கங்கைகொண்டானில் மின்கலங்கள் தயாராகின்றன. தூத்துக்குடியின் உப்புக்காற்றில் பேனல்கள் 25 ஆண்டுகள் நிற்க வேண்டும். 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம் என்ற சோதனை பேனல்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அரசு மானியம் கேட்டு வரும் ஒவ்வொரு மையும் அதில் தேறிக் காட்டட்டும். அதுவும் கோடுகளுக்கிடையே மின்னழுத்தம் கொடுத்தபடியே. மின்சாரத்தை அணைத்து வைத்தால் வெள்ளி இப்படிக் கிளைவிடாது, குறையும் வெளியே தெரியாது.