வெள்ளமும் மருந்துச் சீட்டும்

மேட்டூர் அணை நிறைந்தால் தஞ்சை மகிழும். நாமக்கல் மாவட்டக் குமாரபாளையமும் பள்ளிபாளையமும் நடுங்கும். 2018-இலும் 2022-இலும் நொடிக்கு ஏறத்தாழ 2 இலக்கம் கன அடி நீர் திறக்கப்பட்டபோது, கரையோர மக்கள் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் அடைக்கலம் புகுந்தனர். ஆங்குச் சோறு கிடைக்கும், பாய் கிடைக்கும். மருந்தை வீட்டிலேயே விட்டுவந்த நீரிழிவு நோயர் என்ன செய்வார்? எம்மருந்து என மருத்துவர் வினவின், “வெள்ளை வில்லை” என்பார். வெள்ளை வில்லை நூறு உண்டே! சீட்டில் இருந்ததோ ஆங்கிலக் கிறுக்கல். படிக்கவியலாததை அவர் எங்ஙனம் நினைவிற் கொள்வார்? வெள்ள எச்சரிக்கை தமிழில் வருகிறது. மருந்துச் சீட்டுக்கு மட்டும் என்ன தடை? மருந்துப் பெயர்களே அயன்மொழிதாமே எனச் சிலர் நகைப்பர். நகைக்கட்டும், எழுத்தேனும் தமிழாகலாமன்றோ? நோயும் மருந்தும் அளவும் வேளையும் தமிழில் எழுதிய அட்டையை, நனையா உறையிலிட்டு, ஆடி பிறக்குமுன்னரே ஆற்றோர நோயர் ஒவ்வொருவர்க்கும் தொடக்க நலவாழ்வு நிலையங்கள் வழங்குக. அதன் படியொன்றை மேட்டுநிலத்து மருத்துவமனையிலும் வைத்திடுக.