மேகத்தை நம்பலாமா?

ஒரு சமுதாயம் தன் கடந்த காலத்தை எங்கே வைத்துக் காக்கிறது என்பதைக் கொண்டே அச்சமுதாயத்தின் முன்னறிவை அளந்துவிடலாம். பண்டைத் தமிழர் தம் செய்திகளைக் கல்லில் வெட்டி வைத்தனர். ஓலையில் எழுதி வைத்தனர். பின்வந்தோர் தாளில் அச்சிட்டு வைத்தனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் இன்றைய தமிழரோ தம் நிழற்படங்களையெல்லாம் மேகத்தில் வைத்திருக்கின்றனர். வைத்தாயிற்று என்ற நிம்மதியில் உறங்கவும் செய்கின்றனர். இவ்வுறக்கம் கலைக்கப்பட வேண்டியதாகும்.

தமிழ்ப்பள்ளி ஒன்றில் பொங்கல் விழா நடைபெறுகிறது. பானை பொங்கும் வேளையில் எத்தனையோ கைப்பேசிகள் உயர்கின்றன. விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, ஓய்வு பெறும் ஆசிரியருக்குப் பிரியாவிடை என ஆண்டு முழுதும் படங்கள் குவிகின்றன. மூன்றாண்டு கழித்து ஆண்டு மலர்க் குழுவினர், "அப்படங்கள் எங்கே?" என்று கேட்கின்றனர். "கூகுளில் இருக்கும்", "ஐகிளவுட்டில் இருக்கும்", "வாட்ஸ்அப் குழுவில் இருக்கும், தேடிப் பாருங்கள்" என்று மறுமொழிகள் வருகின்றன. 'இருக்கிறது' என்று சொல்ல எவருக்கும் துணிவில்லை. 'இருக்கும்' என்னும் சொல்லில் எத்துணை ஐயம் ஒளிந்திருக்கிறது என்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

முதலில், மேகம் என்பது யாது? வானத்தில் மிதக்கும் பொருளன்று அது. மின்சாரத்தை உண்டு, நீரால் குளிர்விக்கப்பட்டு, மண்மீது நிற்கும் கட்டடங்களில் அடுக்கப்பட்டுள்ள கணினிகளின் கூட்டமே மேகம் எனப்படுகிறது. ரப்பரும் செம்பனையும் விளைந்த ஜொகூர் மாநிலத்தின் கூலாய், செடெனாக் வட்டாரங்களில் இத்தகைய தரவு மையங்கள் எழுந்து நிற்பதை எவரும் காணலாம். அவை பிறருடைய கட்டடங்கள். உள்ளிருப்பவை பிறருடைய கணினிகள். அங்கே படத்தை வைப்பவர் குடியிருப்பவரேயன்றி வீட்டுக்காரர் அல்லர். வாடகை உயரலாம், விதி மாறலாம், ஒருநாள் வீடே இடிக்கப்படலாம்.

இவை வெறும் அச்சத்தில் பிறந்த கற்பனைகள் அல்ல. நடந்தவற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போர்க்கு உண்மை விளங்கும். 2015-ஆம் ஆண்டு மே மாதம் கூகுள் போட்டோஸ் தொடங்கப்பட்டபோது, உயர்தரம் எனப்பட்ட சற்றே சுருக்கிய அளவில் எத்தனைப் படங்களையும் இலவசமாக வைக்கலாம் என்று கூறப்பட்டது. உலகமே நம்பியது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் படங்கள் 15 கிகாபைட் இலவச அளவுக்குள் அடங்க வேண்டும் என்று விதி மாறியது. அவ்வளவிலும் மின்னஞ்சல்களுக்குப் பங்குண்டு. பிளிக்கர் 2013-இல் 1 டெராபைட் இடத்தை இலவசமாக அளித்தது. 2018 நவம்பரிலோ, இலவசக் கணக்கில் 1,000 படங்களுக்கு மேல் இருப்பவை 2019-இல் நீக்கப்படும் என்று அறிவித்தது. மைஸ்பேஸ் தளத்தில் பல ஆண்டுகளாக மக்கள் ஏற்றியிருந்த பாடல்களும் படங்களும் கணினிகளை மாற்றும்போது தொலைந்துவிட்ட செய்தி 2019-இல் வெளிவந்தது.

மலேசியர்க்கு இன்னும் நெருக்கமான சான்று பிரெண்ட்ஸ்டர் ஆகும். 2002-இல் தொடங்கிய அத்தளத்தில் இவ்வட்டாரத்து இளைஞர் பலர் தம் படங்களை ஏற்றி மகிழ்ந்தனர். 2009-இல் அதனை மலேசிய நிறுவனமான எம்.ஓ.எல். குளோபல் வாங்கியது. 2011 மே 31-க்குப் பின் பயனர்களின் படங்களும் கடிதங்களும் அழிக்கப்படும் என்ற அறிவிப்பு அவ்வாண்டு ஏப்ரலில் வந்தது. அறிவிப்பைக் கண்டவர் தம் படங்களை மீட்டனர், காணாதவர் இழந்தனர். உள்நாட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தும் அப்படங்கள் தப்பவில்லை.

நிறுவனங்கள்தாம் இப்படி, அரசு அப்படியன்று என்பார்க்கும் விடையுண்டு. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் மேகச் சேமிப்பகம் அதில் அழிந்தது. அதற்கு வேறிடத்தில் மறுபடி எடுத்து வைக்கப்படவில்லை. கணினித் தொழிலில் உலகுக்கே வழிகாட்டும் நாட்டின் நிலை இதுவானால், ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் கைப்பேசிக் கணக்கை நம்பியிருக்கும் நூறாண்டு விழாப் படங்களின் நிலை என்ன?

"பணம் கட்டி இடம் வாங்கியிருக்கிறோம், இலவசக்காரர்க்குத்தான் அச்சம்" என்று சிலர் மார்தட்டுவர். பணம் கட்டுகின்றவரையில் சரி. கட்டியவர் மறைந்தால்? கடன் அட்டை காலாவதியானால்? அளவுக்கு மீறிய நிலையில் ஈராண்டு நீடிக்கும் கணக்கின் படங்களை நீக்கலாம் என்பது கூகுளின் விதி. தனியார் கணக்கொன்று ஈராண்டு பயன்படுத்தப்படாமற் கிடந்தால் அதனையே அழிக்கலாம் என்ற விதியும் 2023-இல் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் முதல் நடப்புக்கு வந்தது. முப்பதாண்டு பணியாற்றிய தலைமையாசிரியர் ஒருவர் இயற்கை எய்துகிறார். அவருடைய கடவுச்சொல்லைப் பிள்ளைகள் அறியார். துக்கம் ஆறி, அப்பாவின் படங்களைத் தேட மனம் வரும் நாளில் கணக்கே இல்லாமற் போயிருக்கலாம்.

உயிரோடிருப்பவருக்கும் உத்தரவாதம் இல்லை. 2021-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு தந்தை, நோயுற்ற தம் மகனின் உடற்பகுதியை மருத்துவருக்குக் காட்டுவதற்காகப் படமெடுத்தார். படங்களைச் சோதிக்கும் இயந்திரம் அதனைக் குற்றப் படமெனக் கொண்டது; கூகுள் அவருடைய கணக்கை மூடியது. காவல்துறை விசாரித்துக் குற்றமில்லை என்று கண்ட பின்னும் கணக்கு திரும்பவில்லை. மகன் பிறந்ததுமுதல் எடுத்த படங்களை அவர் இழந்தார். இச்செய்தியை 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. ஒருவர் வீட்டுப் பேழைக்குள் இருக்கும் படத்தை எந்த இயந்திரமும் இவ்வாறு பூட்டிவிட முடியுமா?

இன்னொரு மயக்கமும் களையப்பட வேண்டும். கைப்பேசியிலும் இருக்கிறது, மேகத்திலும் இருக்கிறது. ஆகவே இரண்டு படிகள் உள்ளன என்று பலர் எண்ணுகின்றனர். அவை ஒன்றையொன்று பின்பற்றும் நிழல்கள். ஐகிளவுட் படச்சேமிப்பை இயக்கியவர் கைப்பேசியில் ஒரு படத்தை அழித்தால் மேகத்திலும் அது மறைகிறது; 30 நாள் கழிந்தால் மீட்பு அரிது. கூகுள் போட்டோஸ் செயலியில் அழித்தாலும் அதே கதைதான்; அங்கே குப்பைத்தொட்டியின் தவணை 60 நாள். இடத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாட்டைத் தேர்ந்தவரின் கைப்பேசியில் இருப்பதோ முழுப்படம் அன்று, அதன் சிறுவடிவமே. வாட்ஸ்அப் வழி வந்த படம் பெரும்பாலும் சுருங்கியே வருகிறது. இவற்றை நம்பி மூலப்படத்தைக் கைவிடுவது, இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாகவே முடியும்.

"வீட்டுக் கணினி மட்டும் சாகாவரம் பெற்றதோ?" என்று எதிர்க்கட்சியார் கேட்பர். கேட்கத் தகுந்த கேள்வியே. வன்தட்டு பழுதாகும்; திருடு போகும்; வெள்ளம் வரும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் புகுந்த வெள்ளம் எத்தனைக் குடும்பங்களின் உடைமைகளைச் சேறாக்கியது என்பதைச் சிலாங்கூர்வாசிகள் மறந்திரார். ஆயின் அதனால் பெறப்படும் முடிவு என்ன? ஒரே இடத்தை நம்புதல் தவறு என்பதுதானே! அவ்விடம் மேகமாயினும் வீடாயினும் தவறு தவறே. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் எளிய நெறியைப் படக்கலைஞர்களும் கணினி வல்லுநர்களும் நெடுநாளாகக் கூறி வருகின்றனர். வீட்டுக் கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, மேகத்தில் ஒன்று. மேகத்தை வெறுக்குமாறு எவரும் கூறவில்லை. அது மூன்றாவது படியாக இருக்கட்டும். ஒரே படியாக இருத்தல் கூடாது.

தமிழர்க்கு இது புதிய பாடமும் அன்று. ஏட்டுச்சுவடி செல்லரிக்கும் என்பதை அறிந்தவர்கள், ஏடு அழியுமுன் மற்றோர் ஏட்டில் படியெடுத்து வைத்தனர். அவ்வாறு தலைமுறைதோறும் எவரோ ஒருவர் படியெடுத்ததனாலேயே, உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்குச் சுவடிகள் எஞ்சியிருந்தன. படியெடுப்பார் இல்லாத நூல்கள் பெயரளவில் நின்றன; பெயரும் இன்றி மறைந்தவை எத்தனையோ! காத்தல் என்பதன் பொருளே படியெடுத்தல்தான்.

"நேரமில்லை, முறை தெரியாது" என்பது இறுதிச் சாக்கு. முறை கடினமானதன்று. கூகுள் கணக்குடையோர் 'டேக்அவுட்' என்னும் பக்கத்தில் போட்டோஸ் என்பதை மட்டும் தேர்ந்து விண்ணப்பித்தால், படங்கள் பொதிகளாகக் கட்டப்பட்டு இறக்குவதற்கான இணைப்பு மின்னஞ்சலில் வரும். அவ்விணைப்பு சில நாள்களே செல்லும். வந்தவுடன் இறக்கிவிட வேண்டும். ஆப்பிள் கைப்பேசியுடையோர் அந்நிறுவனத்தின் தன்மறைப்புப் பக்கத்தில் தம் தரவின் படியைக் கேட்டுப் பெறலாம். இறக்கியபின் பொதியைப் பிரித்துச் சில படங்களையேனும் திறந்து பார்த்தல் வேண்டும். சரிபார்க்குமுன் மேகத்திலிருந்து எதனையும் அழித்தல் ஆகாது. ஒரு படம் 4 மெகாபைட் எனக் கொண்டால், 1 டெராபைட் வன்தட்டில் 2 இலட்சம் படங்களுக்கு மேல் அடங்கும். ஒரு பள்ளியின் பல்லாண்டு வரலாறு ஒரு சட்டைப் பைக்குள் அடங்குகிறது. இதற்கு ஒதுக்க ஒரு நாள் இல்லையா?

இறக்கினால் மட்டும் போதாது; பெயரிடவும் வேண்டும். கூகுளிலிருந்து வரும் படத்தின் நாளும் குறிப்பும் பெரும்பாலும் தனிக்கோப்பில் பிரிந்து வருகின்றன. கோப்பின் பெயரோ வெறும் எண்வரிசை. எங்கே, எப்போது, யார் யார் என்று எழுதப்படாத படம் ஐம்பதாண்டு கழித்து எவருக்கும் பயன்படாது. பழைய தோட்டத்துப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, "இவர் கங்காணியா, கிராணியா? இது எந்தத் தோட்டத்துக் கோயில்?" என்று திகைப்போர் இதனை நன்கு அறிவர். ஆண்டு, இடம், நிகழ்ச்சி ஆகியவற்றைக் கோப்புறையின் பெயராகத் தமிழிலேயே எழுதுதல் வேண்டும். இப்பணி மாணவர்க்கு நல்லதொரு கட்டுரைப் பயிற்சியும் ஆகும். பாட்டியின் அருகில் அமர்ந்து, படத்திலிருப்போர் யாரென்று கேட்டு எழுதும் மாணவன் தன் குடும்ப வரலாற்றையே கற்றுக்கொள்கிறான்.

இத்துணை வற்புறுத்தல் ஏன்? 1957-இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பர். இன்றுள்ளவை 530-க்கும் குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; லயங்கள் இடிக்கப்பட்டன; மக்கள் நகர்ப்புறத் தாமான்களுக்குப் பெயர்ந்தனர். பல பள்ளிகள் மூடப்பட்டன. சில வேறிடம் சென்றன. பால்மரம் சீவிய கைகளும், லயத்து வாசலில் கோலமிட்ட கைகளும் இங்கே வாழ்ந்தன என்பதற்குக் கட்டடச் சான்று அருகி வருகிறது. எஞ்சியிருப்பவை படங்களே. அலமாரியில் கிடந்த அப்படங்களைப் பேரப்பிள்ளைகள் அன்போடு கைப்பேசியில் பிடித்து மேகத்தில் ஏற்றினர். இடம் அடைக்கிறது என்று தாள்படங்களை வீடு மாறும்போது எறிந்தனர். அயல்நாட்டுத் தரவு மையத்தின் கணக்கில் அவை சில மெகாபைட் இடம் மட்டுமே. எந்தத் தோட்டத்துப் பள்ளியின் படம் அழிந்தாலும் அங்கே அழுவார் இல்லை. அழ வேண்டியவர்களே காக்கவும் வேண்டும்.

ஆதலால் ஆசிரியப் பெருமக்கள் முன்வருதல் வேண்டும். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் ஒரு கணினியும் இரண்டு வன்தட்டுகளும் இப்பணிக்கென ஒதுக்கப்படட்டும். ஒரு வன்தட்டு பள்ளியில் இருக்க, மற்றொன்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொறுப்பில் வேறிடத்தில் இருக்கட்டும். பள்ளியின் படங்கள் தனியொருவர் கணக்கில் தேங்குதல் கூடாது; மாற்றலாகிச் செல்லும் ஆசிரியர் அவற்றை ஒப்படைத்துவிட்டே செல்லட்டும். இல்லங்களில் இதற்கு ஒரு நாள் வேண்டுமெனில், போகித் திருநாளினும் பொருத்தமான நாள் ஏது? வேண்டாதவற்றைக் கழிக்கும் அந்நாளில், வேண்டியவற்றை வீட்டுக்கு அழைத்து வருதலும் வழக்கமாகட்டும். மறுநாள் பொங்கல் படங்களுக்குப் புதிய கோப்புறை திறக்கலாம்.

அடுத்த தலைமுறை வந்து, "எங்கள் படங்கள் எங்கே?" என்று கேட்கும். அன்று 'இருக்கும்' என்று வானத்தைக் காட்டுவோர் அத்தலைமுறையை ஏமாற்றியவராவர். 'இருக்கிறது' என்று பேழையைத் திறந்து காட்டுவோரே தம் கடனாற்றியவராவர்.