கொலுவில் ஒரு பவளத் துண்டு

மோதி பாக்கில் நண்பர் வீட்டுக் கொலு. சுண்டலும் கையுமாகப் பார்த்தால், பொம்மைகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு பவளத் துண்டு. "அந்தமானுக்கு எல்.டி.சி. போனப்ப ஸ்கூபா பண்ணோம் சார். கடலுக்கு அடியிலேர்ந்து எடுத்தது!"

அது குற்றம் சார். 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு இருக்கின்றன. புலிப்பல்லைக் கொலுவில் வைப்பீர்களா?

"ஒரு துண்டுதானே" என்கிறார். வங்கிக்காரனிடமா இந்தக் கணக்கு? வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராத பவளங்கள் உண்டு. அந்த வட்டியில் இது எத்தனை வருஷ டெபாசிட்?

நம்ம ஊருக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986ல் கடல் தேசியப் பூங்கா ஆயின. ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள், சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி, விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கிப் பாசி எடுப்பவர்கள். அந்தத் தீவுகளை அண்டவே அவர்களுக்குத் தடை. காரணம்? பவளப்பாறை பாழாகிறதாம். வயிற்றுப்பாட்டுக்கு முங்கினால் குற்றவாளி. பயிற்சியாளர் பிடித்துக்கொள்ள அரை மணி நேரம் மிதந்துவிட்டு, பாறையை ஒடித்து வந்தால் சாகசமா?

கடலுக்குப் போங்கள் மக்களே, குழந்தைகளுக்கும் காட்டுங்கள். கையை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்.

சுண்டல் நன்றாக இருந்தது. அடுத்த வருஷம் கூப்பிடுவாரா, தெரியவில்லை!