இரத்தம் சொல்லும், கேட்பார் யார்?

வைத்தியசாலைக் கூடத்தில் இரண்டு கட்டில்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இரண்டிலும் கமக்காரர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவருக்கும் ஐந்து நாட் காய்ச்சல், வறட்டிருமல். இருவருக்கும் கொவிட் தொற்று உறுதியாயிற்று. மூன்றாம் நாள் ஒருவர் எழுந்திருந்து கஞ்சி குடிக்கிறார். மற்றவரை ஒட்சிசன் உருளையோடு அம்புலன்சில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு விரட்டுகிறார்கள். 2021ஆம் ஆண்டில் இந்நாட்டின் எந்தக் கொவிட் கூடத்திலும் காணக்கூடியதாயிருந்த காட்சி இது. இவ்விருவரில் எழப்போகிறவர் எவர், வீழப்போகிறவர் எவர் என்பதை முதல் நாளிலேயே ஓரளவுக்கேனும் அறிந்திருக்க முடியாதா? முடியும். அவர்கள் கையிலிருந்து எடுத்த ஒரு சிறு குழாய் இரத்தம் அதைச் சொல்லியிருக்கும்.

அந்த இரத்தத்தைக் கேட்கும் வசதி வன்னி மக்களுக்கு உரிமையா, சலுகையா என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி. கொள்ளைநோய் தணிந்துவிட்டதே, இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். வீடு எரியும்போது கிணறு வெட்ட இயலாது; ஆகையால் இப்போது பேசுகிறோம்.

ஆட்சிபீடத்தார் அந்நாட்களில் பி.சி.ஆர். என்ற மூன்றெழுத்தையே மந்திரம்போல் உச்சரித்தனர். இத்தனை பேருக்குச் சோதனை, இத்தனை பேருக்குத் தொற்று என்று நாளாந்தம் கணக்கு வாசித்தனர். அந்தச் சோதனை வேண்டாதது என்று நாம் சொல்லவில்லை. ஆனால், அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: கிருமி உள்ளே இருக்கிறதா, இல்லையா? உள்ளே புகுந்த கிருமி இந்த மனிதனை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது இரத்தம்.

கமக்காரருக்கு இதை விளக்க அதிகம் வேண்டியதில்லை. குளத்தின் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டம் அறிபவர்கள் அவர்கள். அணைக்கட்டு உடைந்த பின் அளவுகோலைப் பார்ப்பவன் மூடன். 2018 மார்கழி வெள்ளத்தின்போது இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட நேரம் பற்றி எவ்வளவு சர்ச்சை எழுந்தது என்பது கிளிநொச்சியாருக்கு நினைவிருக்கும். மணித்தியாலங்களில் தங்கியிருந்தது வயல்களின் விதி. நோயாளியின் விதியும் அவ்வாறே. உடலின் காவற்படையான வெண்குழியங்களுள் நிணநீர்க்குழியம் என்ற வகை கொவிட் முற்றும்போது குறைந்து போகிறது. சி.ஆர்.பி. என்ற புரதத்தை அழற்சி ஏறும்போது ஈரல் ஏராளமாகச் சுரக்கிறது. இரத்தம் உள்ளேயே உறைந்து கரையும்போது டி-டைமர் என்ற துணுக்குகள் பெருகுகின்றன. சிறுநீரகம் தளர்ந்தால் யூரியா ஏறுகிறது. நோயாளி மூச்சுத் திணறுவதற்கு முன்னரே இந்த அளவுகோல்கள் அசையத் தொடங்கிவிடலாம். கொவிட்டின் வஞ்சகமே அதுதான்: ஒட்சிசன் குறைந்துகொண்டே போகும், மனிதனோ சுகமாய் இருக்கிறேன் என்று பேசிக்கொண்டிருப்பான்.

இது நமது கற்பனையன்று. 2020 பங்குனியில் சீனத்து வூஹான் நகரின் இரண்டு வைத்தியசாலைகளில் சேர்ந்த 191 நோயாளரை ஆராய்ந்த மருத்துவர்கள், சேர்ந்த நாளிலேயே டி-டைமர் ஒரு மில்லிலீற்றருக்கு 1 மைக்கிரோகிராமைத் தாண்டியிருந்தவர்கள் இறக்கும் வாய்ப்புப் பன்மடங்கு அதிகம் என்று கண்டு வெளியிட்டனர். அதே ஆண்டு புரட்டாதியில் பிரித்தானியாவில் '4 சி' எனப் பெயரிய புள்ளிமுறை வெளிவந்தது. 260 வைத்தியசாலைகள், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர். அந்த முறை கேட்பவை எட்டே எட்டு விபரங்கள்: வயது, பால், வேறு நோய்களின் எண்ணிக்கை, மூச்சு வேகம், ஒட்சிசன் அளவு, சுயநினைவு, இரத்தத்தில் யூரியா, சி.ஆர்.பி. மொத்தம் 21 புள்ளிகள். 3 புள்ளிக்கு மேற்படாதவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவரே இறந்தார். 15 புள்ளியும் அதற்கு மேலும் பெற்றவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இறந்தனர்.

வாசகர் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். எட்டில் இரத்தப் பரிசோதனைகள் இரண்டே. அவ்விரண்டும் வானத்திலிருந்து இறக்க வேண்டியவையல்ல. யூரியாவும் சி.ஆர்.பி.யும் உலகெங்கும் சாதாரண ஆய்வுகூடங்களில் அன்றாடம் செய்யப்படுபவை, விலை மலிந்தவை. எஞ்சிய ஆறுக்கும் வேண்டியவை ஒரு தாதியின் கண், ஒரு மணிக்கூடு, விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி.

"அறிந்து என்ன பயன்? வீழ்பவன் வீழ்வான்" என்று வாளாவிருப்போர்க்கும் விடை உண்டு. 2020 ஆனியில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் 'றிக்கவறி' ஆய்வு, டெக்சாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்து கொவிட் மரணத்தைக் குறைக்கிறது என்று நிறுவியது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் மூன்றிலொரு பங்கு மரணமும், ஒட்சிசன் பெற்றவர்களில் ஐந்திலொரு பங்கு மரணமும் குறைந்தன. ஒட்சிசன் தேவைப்படாதவர்க்கோ அது நன்மை செய்யவில்லை. ஆகவே யாருக்குக் கொடுப்பது, யாரைக் கண்ணிமையாது காவல் செய்வது என்று பிரித்தறிதலே சிகிச்சையின் பாதி. 2021இல் அதே ஆய்வு, ஒட்சிசன் குறைந்தும் சி.ஆர்.பி. 75 அல்லது அதற்கு மேலாகவும் இருந்த நோயாளருக்கு டொசிலிசுமாப் என்ற விலையுயர்ந்த மருந்து பயன்தரும் என்று காட்டியது. அந்த மருந்தின் வாசற்கதவுக்கு இரத்தப் பரிசோதனையே திறவுகோல். திறவுகோல் இல்லாதவன் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

வன்னியைப் பொறுத்தவரை இன்னொரு நியாயமும் உண்டு, அது தூரம். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். கொழும்பில் மோசமடைந்த நோயாளியைப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தள்ளிச் செல்லலாம். இங்கே அவன் மோசமடைந்த பிறகு புறப்பட்டால் பாதி வழியில் மாரி மழையும் ஒட்சிசன் உருளையின் முள்ளும் அவன் விதியைத் தீர்மானிக்கின்றன. அவன் நாளை மோசமடைவான் என்பதை இன்று அறிந்தால், இன்றே பகல் வெளிச்சத்தில் அனுப்பலாம். பெரிய வைத்தியசாலைக்கு எட்டாத ஊருக்கே முன்னறிவு முதலில் வேண்டும். நமது ஆட்சியாளரோ இதைத் தலைகீழாய் விளங்கிக்கொள்கின்றனர்: பெரிய நகரத்துக்குப் பெரிய ஆய்வுகூடம், சிறிய ஊருக்குப் பனடோல்.

அந்த ஆண்டுகளில் அரசு எதில் வேகம் காட்டியது என்று பார்ப்போம். கொள்ளைநோய்த் தடுப்பின் தேசிய செயற்பாட்டு மையத்துக்குத் தலைவராக வைத்தியர் அல்லர், இராணுவத் தளபதி சவேந்திர சில்வா நியமிக்கப்பட்டார். பம்பைமடுவிலும் கேப்பாப்பிலவிலும் படையினர் தனிமைப்படுத்தல் முகாம்களை நடத்தினர். 2020 சித்திரையில் இறந்தோர் உடலையெல்லாம் எரிக்க வேண்டுமென்று வர்த்தமானி வந்தது. முஸ்லிம் மக்களின் கண்ணீரைப் பாராது அந்தப் பிடிவாதம் 2021 மாசி வரை நீடித்தது. 2020 கார்த்திகையில் சுகாதார அமைச்சர் பவித்திரா வன்னியாராச்சி மந்திரித்த நீர்க்குடங்களை ஆற்றில் விட்டார். அடுத்து வந்தது கேகாலைப் பாணி; அதனையும் பலர் காண அருந்தினார். 2021 தையில் அவரே தொற்றுக்கு ஆளாகித் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தார். குணமடைந்தார்; நன்று. அவரைக் காத்தது பாணியா, தீவிர சிகிச்சையா என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

2021 வைகாசியில் புதுக்குடியிருப்பில் ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே தொற்றுப் பரவியது. முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்கு முன்னிரவு புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, முல்லைத்தீவுப் பொலிஸ் பிரிவுகள் முடக்கப்பட்டன. சந்திதோறும் படைவீரன் நின்றான். தொற்றைத் தடுக்கப் பாதையை மூடுவது மருத்துவ நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் இரவுக்குள் மூன்று பிரிவுகளுக்கும் காவல் போடத் தெரிந்த அரசுக்கு, மூன்று மாவட்டங்களிலும் ஓர் இரவில் எத்தனை பேரின் இரத்தத்தைச் சோதிக்க முடியும் என்று கணக்கெடுத்து வெளியிடத் தெரியவில்லையே! அந்தக் கணக்கை எவரேனும் நாளாந்த அறிக்கையில் வாசிக்கக் கேட்டதுண்டா?

இதே மண்ணில் 2009ஆம் ஆண்டில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது எறிகணைகள் வீழ்ந்ததை ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. மருந்தின்றி, மின்சாரமின்றி, மரநிழலில் நோயாளரைக் காத்த வைத்தியர்களைக் கண்ட சனம் இது. அந்தச் சனத்திடம் "ஆய்வுகூடம் ஆடம்பரம்" என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் வாய் வரக்கூடாது.

இனி நமது பக்கத்தாருக்கும் சில சொல்ல வேண்டும். இரத்தப் பரிசோதனை நல்லது என்றவுடன் நீண்ட பட்டியலைக் கையில் கொடுத்து, டி-டைமர், பெரிற்றின், இன்ரர்லியூக்கின் என்று ஏழையின் காதுத் தோட்டை அடகுவைக்கச் செய்வது மருத்துவம் அன்று. எந்தச் சோதனையின் விடை சிகிச்சையை மாற்றுமோ அந்தச் சோதனையே வேண்டும். அயலூர்ப் பட்டியலை அப்படியே பெயர்த்து ஒட்டுவதும் தவறு. வூஹானில் மூன்று இரத்த அளவுகளை வைத்து மரணத்தை நாட்கணக்கில் முன்கூட்டியே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகச் சொல்லலாம் என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது. அதையே ஒல்லாந்திலும் பிரான்சிலும் நியூயோர்க்கிலும் பொருத்திப் பார்த்தபோது அந்தத் துல்லியம் கிடைக்கவில்லை. இவ்வாறு பிறந்த முறைகள் இருநூறுக்கு மேல். அவற்றை ஆராய்ந்தவர்கள் மிகப் பெரும்பாலானவை நம்பிக்கைக்கு உரியன அல்ல என்று தள்ளினர். '4 சி' முறையும் தடுப்பூசிக்கு முந்திய காலத்துப் பிரித்தானிய நோயாளரைக் கொண்டு வகுக்கப்பட்டதே. அது வைத்தியரின் கண்ணுக்கு உதவி. வைத்தியருக்குப் பதிலாள் அன்று.

வன்னிக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். 1990களில் வட மத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்ட, காரணம் துலங்காத சிறுநீரக நோய் வவுனியாவின் கமக்காரரையும் விட்டுவைக்கவில்லை. அவர்களுட் பலருக்குக் கொவிட் வருமுன்னரே யூரியா உயர்ந்திருக்கும். இலண்டன் நோயாளிக்கு எச்சரிக்கை மணியாகும் எண், செட்டிக்குளத்துக் கமக்காரருக்கு வழமையான எண்ணாக இருக்கலாம். அல்லது, சிறுநீரகம் பழுதானவரைக் கொவிட் இன்னும் கொடிதாகத் தாக்கும் என்பதால் அதே எண் இருமடங்கு எச்சரிக்கையாகவும் இருக்கலாம். எது உண்மை? இலண்டனார் நமக்காக இதைக் கண்டுபிடித்துத் தரமாட்டார். 2020, 2021ஆம் ஆண்டுகளில் வன்னி வைத்தியசாலைகளில் படுத்திருந்தவர்களின் பதிவுத்தாள்களில் இருக்கும் எண்களை, பெயர்களை மறைத்து, யாழ்ப்பாண மருத்துவபீடமும் வன்னி வைத்தியர்களும் ஒன்றுகூடி ஆராய வேண்டும். அந்தத் தாள்கள் கறையானுக்கு இரையாகுமுன் இது நடக்கட்டும்.

யூரியா என்றவுடன் இன்னொன்றும் நெஞ்சில் உறுத்துகிறது. 2021 வைகாசியில் கோத்தாபய ராஜபக்சவின் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. வயலுக்கு யூரியா இல்லாமற் போயிற்று. கார்த்திகையில் தடையை மீட்டபோது பெரும்போகத்தின் விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. மறு ஆண்டு சித்திரையில் நாடு கடன் கட்ட இயலாதென்று கைவிரித்தது. மருந்துக்கும் ஆய்வுகூட இரசாயனங்களுக்கும் நாடெங்கும் தட்டுப்பாடு. வயலிலும் யூரியா இல்லை. உடலில் ஏறிய யூரியாவை அளக்கவும் வழி சுருங்கிற்று. இரண்டையும் பறித்தது ஒரே ஆட்சி.

13ஆம் திருத்தத்தின்படி சுகாதாரம் மாகாணத்துக்குரிய விடயம். வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஐப்பசியில் முடிந்தது. கொள்ளைநோய் வந்தபோது மக்கள் தேர்ந்த சபை ஒன்று இருக்கவில்லை. ஆளுநரை நோக்கிக் கைகட்டி நின்றோம். ஆனால் சபை இருந்த ஐந்தாண்டில் இரவு நேர ஆய்வுகூடம் பற்றி நமது உறுப்பினர்கள் எத்தனை தரம் பேசினர்? படித்த நாம் எத்தனை தரம் கேட்டோம்? நம்மையும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

கொவிட்டோடு முடிகிற காரியமும் அன்று இது. டெங்குவை எதிர்க்க நாம் கற்றதே இரத்தத்தை மணிக்கு மணி பார்க்கும் வித்தையைத்தான். 2017இல் இந்நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல் டெங்கு கண்டபோது, குருதிச் சிறுதட்டுகள் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்குகின்றனவா என்று பார்த்துப் பார்த்தே வைத்தியர்கள் ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்தனர். 2024 கார்த்திகை வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர் குடித்தபோது, என்ன நோயென்று அறிய மாதிரிகள் கொழும்புக்குப் போயின. சேற்றில் காலூன்றும் கமக்காரனைத் தேடி வரும் நோய் அது. அதிலும் சிறுநீரகம் தளர்வதை முதலில் காட்டிக்கொடுப்பது இரத்தமே.

ஆகவே வன்னியின் மூன்று மாவட்டப் பொது வைத்தியசாலைகளையும் ஆதார வைத்தியசாலைகளையும் பற்றி மாகாண சுகாதாரத் திணைக்களம் ஒரு கணக்கை அச்சிட்டு வெளியிட வேண்டும். இரவு பத்து மணிக்குச் சேரும் நோயாளியின் முழுக் குருதி எண்ணிக்கையும் சி.ஆர்.பி.யும் யூரியாவும் எத்தனை மணித்தியாலத்தில் வைத்தியர் கைக்கு வரும்? அங்கீகரித்த ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் பதவிகள் எத்தனை, அவற்றில் வெற்றிடம் எத்தனை? இரசாயனக் கையிருப்பு எத்தனை மாதத்துக்கு? இவற்றை நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையில் வினாவாக எழுப்பட்டும். கமக்காரர் அமைப்புகள் தத்தம் கூட்டங்களில் தீர்மானமாக்கி அனுப்பட்டும். விடையை நாம் இப்பத்திரிகையில் எண் மாறாமல் அச்சிடுவோம். மாரி தொடங்குமுன் அந்த விடை வரவேண்டும்.