கடைசி வண்டி வராத ராத்திரிக்கு யார் பொறுப்பு?

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் குடியிருக்கும் பொதுமக்களுக்கும், தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் வந்துபோகும் தொழிலாளர்களுக்கும், மண்ணாடிப்பட்டு, வில்லியனூர் கொம்யூன்களைச் சேர்ந்த ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை.

போன வியாழக்கிழமை ராத்திரி நடந்தது உங்களில் பலர் காதுக்கு எட்டியிருக்கும். ஷிப்ட் முடிந்து ஒன்பது பேர் பஸ்ஸுக்கு நின்றோம். அதில் நான்கு பேர் பெண்கள், ஒருவர் ஏழு மாதக் கர்ப்பிணி. திருக்கனூர் பக்கம் போக வேண்டிய கடைசி வண்டி வரவில்லை. டெம்போவும் அந்த நேரத்தில் ஊருக்குள்ளேயே சுற்றுமே தவிர கிராமத்துக்கு வராது. பத்தரை மணிக்கு லாரி முனையத்திலிருந்து கிளம்பிய ஒரு 'குட்டியானை' சரக்கு வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தோம். கர்ப்பிணிப் பெண்ணை மட்டும் டிரைவர் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் காசு வாங்கவில்லை. வழியில் போலீஸ் மறித்திருந்தால், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றிய குற்றத்துக்கு அந்த நல்ல மனிதர்தான் அபராதம் கட்டியிருப்பார். வராத பஸ்ஸை யாரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் கண்டக்டரிடம் கேட்டோம். "கூட்டமே இல்லீங்க, டீசலுக்குக் கட்டாது, ஓனர் டிரிப்பைக் கட் பண்ணச் சொல்லிட்டார்" என்றார். அவரைக் கோபித்துப் பயனில்லை. ஆனால் அந்தக் கூட்டம் எப்படிக் குறைந்தது? வாரத்தில் இரண்டு நாள் வண்டி வராவிட்டால் மீதி நாளும் ஜனம் அதை நம்பாது. இளைஞர்கள் தவணைக்கு பைக் வாங்கிவிடுகிறார்கள். பெண்பிள்ளைகளை வீட்டில், "அந்த வேலையே வேண்டாம்" என்று நிறுத்திவிடுகிறார்கள். பிறகு ஆள் இல்லை என்று அடுத்த நடையையும் வெட்டுகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது பைக் ஓட்டத் தெரியாத பெண்களும் ஜிப்மருக்கு மருந்து வாங்க வரும் வயதானவர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான். கேட்க ஆளில்லாதவர்களின் தலையில்தான் எல்லா வெட்டும் விழுகிறது.

டிரிப்பை வெட்டுவது ஓனரின் விருப்பம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தவறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 72ஆவது பிரிவை யாரிடமாவது கேட்டுப் படியுங்கள். ஒரு தடத்தில் நாளொன்றுக்குக் குறைந்தது எத்தனை நடை ஓட்ட வேண்டும் என்று பர்மிட்டிலேயே நிபந்தனை போட அதிகாரிக்கு உரிமை உண்டு. ஒப்புதல் பெற்ற நேர அட்டவணையை வண்டியிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் ஒட்டி வைக்கச் சொல்லலாம். எத்தனை நிமிடம் முன்பின் ஆகலாம் என்பதைக்கூட வரையறுக்கலாம். நிபந்தனையை மீறினால் 86ஆவது பிரிவின்படி பர்மிட்டை நிறுத்தி வைக்கலாம், ரத்தே செய்யலாம். நீங்கள் பஸ் ஏறும் நிறுத்தத்தில் என்றைக்காவது ஒரு நேர அட்டவணையைப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் பார்த்ததில்லை. அதே 86ஆவது பிரிவில், பர்மிட்டை ரத்து செய்வதற்குப் பதில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விட்டுவிடவும் வழி இருக்கிறது. அரசுக்குப் பணம் வந்துவிடும். ரோட்டில் நிற்கிறவளுக்கு என்ன வரும்?

இது பத்துப் பேர் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மாவட்டத்தில் 9,50,289 பேர். அதில் ஏறத்தாழ 2.93 லட்சம் பேர் கிராமத்துக்காரர்கள். பத்தில் மூன்று பேர்! லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஓடியபோது அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சைக்கிள் தூரத்தில் வேலை இருந்தது. ஆலை மூடிக்கிடக்கிறது. ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி மில்களும் 2020இல் மூடப்பட்டன. மிச்சமிருக்கும் வேலை மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி பேட்டைகளில்தான். வேலை தூரம் போகப் போக பஸ் குறைந்துகொண்டே வந்தால் கிராமத்து ஆள் என்ன செய்வான்?

எல்லையைத் தாண்டிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ் போகாத ஊர்களுக்கென்று 1997இல் மினி பஸ் கொண்டுவந்தார்கள். 2025 ஜூனில் அதைப் புதிய திட்டமாகத் தஞ்சாவூரில் தொடங்கினார்கள். அங்கேயும் குறை உண்டு. வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023 மே மாதம், பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலை, ரோடு இல்லாததால் தாயே சுமந்து நடந்ததை மறக்க முடியுமா? அது மலை. நமக்கு மலையா இருக்கிறது, காடா இருக்கிறது? தார் ரோடு வாசல் வரை வந்திருக்கிறது. அதில் பஸ் மட்டும் வரவில்லை.

முறையிடலாம் என்றால் யாரிடம் போவது? 1968க்குப் பிறகு 38 ஆண்டு கழித்து 2006இல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. கொம்யூனில் அதிகாரி இருக்கிறார், நம் ஊர் ஆள் இல்லை. இத்தனைக்கும் 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் கூடி, அதில் 170 பேர் புதுச்சேரி இந்தியாவோடு சேர வாக்களித்தது கீழூர் என்ற கிராமத்தில்தான். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று அங்குள்ள நினைவிடத்துக்குக் கார்கள் வரிசையாகப் போகின்றன. மறுநாள் முதல் கிராமத்து ரோட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அதனால் உங்களிடமே கேட்கிறோம். வண்டி வராத நாளில் புலம்பிவிட்டுப் போகாதீர்கள். தேதி, நேரம், தடம், தெரிந்தால் வண்டி எண், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். உங்கள் தடத்துக்கு பர்மிட்டில் எத்தனை நடை, எந்தெந்த நேரம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். கம்பெனி நடத்துகிறவர்களே, கடைசி வண்டி போன பிறகு ஷிப்டை முடிக்காதீர்கள். முடித்தால் வேன் விடுங்கள். உங்கள் மெஷினை விட அதை ஓட்டுகிறவள் முக்கியம்.

பைக் வாங்கியதும் பஸ்ஸை மறந்துவிட்ட தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அம்மாவும் தங்கையும் இன்னும் அந்த நிறுத்தத்தில்தான் நிற்கிறார்கள். நீங்கள் பேசாமல் இருந்ததும் டிரிப் வெட்டப்பட்டதற்கு ஒரு காரணம்.

போக்குவரத்துத் துறைக்கும் தெரியட்டும். நாங்கள் எழுதி வைக்கும் நோட்டோடு உங்கள் அலுவலகத்துக்கு வருவோம். அங்கே பதில் கிடைக்காவிட்டால் லாரி முனையத்தின் வாசலில் உட்காருவோம். அன்றைக்குச் சரக்கு நின்றுவிட்டதே என்று எங்களைக் குறை சொல்லக் கூடாது.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு மேட்டுப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் கூடுகிறோம். ஊருக்கு இரண்டு பேராவது வாருங்கள். வராத வண்டிகளின் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள். ஏழு மணிக்குள் முடித்துவிடுவோம், திரும்பிப் போக வண்டி வேண்டுமே.

இப்படிக்கு,
மேட்டுப்பாளையத்தில் வேலை பார்க்கும் கிராமத்துப் பயணிகள்