கல்விக் கடனுக்கும் சாதி உண்டு

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் ஒரு அறிவுரை கிளம்பும். "தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கொட்டி இன்ஜினியரிங் படித்து என்ன சம்பளம் வரப்போகிறது? கடன் வாங்காதே, ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள்." வெறும் கணக்காகப் பார்த்தால் இதில் நியாயம் உண்டு. அந்தக் கணக்கை முழுதாகவே போட்டுப் பார்ப்போம்.

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 முதல் 55,000 ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000 முதல் 87,000 ரூபாய் என்று 2017இல் கட்டண நிர்ணயக் குழு வரையறுத்தது. விடுதியும் பேருந்தும் தனி. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 4 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். படிக்கும் நான்கு ஆண்டும் அடுத்த ஓராண்டும் தவணை இல்லை, வட்டி மட்டும் ஏறும். தனி வட்டியாகவே அது 1.4 லட்சம். ஆக மொத்தம் 5.4 லட்சத்தைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் 7,100 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். முதல் வேலையில் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் கிட்டத்தட்டப் பாதி வங்கிக்கே. பெரிய ஐடி நிறுவனங்களின் தொடக்கச் சம்பளமே பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது.

இதுவரை கணக்கில் சாதி வரவில்லை. இனி அதையும் சேர்ப்போம்.

ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஒன்றிய அரசின் வட்டி மானியம் உண்டு. ஆனால் 2018இல் அதை நாக், என்பிஏ தர அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளுக்கும் படிப்புகளுக்கும், ஒன்றிய அரசின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் என்று சுருக்கிவிட்டார்கள். அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் போய்ச் சேர்வது யார்? வழிகாட்ட வீட்டில் ஒரு பட்டதாரிகூட இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகள்தான். யாருக்கு மானியம் அதிகம் தேவையோ அவர்களே வெளியே நிற்கிறார்கள்.

வேலை கிடைக்கத் தாமதமானால் ஒரு குடும்பம் நிலத்தை அடமானம் வைக்கும், மாமா வீட்டில் கைமாற்று வாங்கும். நிலமற்ற கூலிக் குடும்பத்துக்கு அந்த வழி கிடையாது. 2016இல் மதுரையில் கடன் வசூல் நெருக்கடியில் பொறியியல் பட்டதாரி ஒருவர் தற்கொலை செய்துகொண்டதை நாம் மறக்கக் கூடாது.

சம்பளத்துக்கு வருவோம். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர்கள் மட்டும் வேறு. தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் வந்த அழைப்பு குறைவு. பட்டமும் கடன் தவணையும் ஒன்றாக இருந்தாலும் சம்பளத்துக்கான வாய்ப்பு ஒன்றாக இல்லை.

இது புதிதும் அல்ல. பத்தாண்டுகள் அரசுப் பணி செய்வதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து, பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா சென்றார் அம்பேத்கர். 1917இல் பணிக்குத் திரும்பிய அவருக்குத் தங்க ஓர் அறை கொடுக்கவில்லை அந்த ஊர். ஒப்பந்தத்தை நிறைவேற்றவிடாமல் தடுத்தது சாதி.

அதனால் படிக்காமல் இருந்துவிடுவதா? "தொழிலைக் கற்றுக்கொள்" என்பது 1953இன் குலக்கல்வித் திட்டத்தில் நாம் ஏற்கெனவே கேட்ட குரல். அதே நேரம், எந்தக் கல்லூரியானாலும் கடன் வாங்கிச் சேர் என்றும் சொல்ல மாட்டேன். கலந்தாய்வில் இடம் பெறுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. கல்லூரிக்கும் நீங்கள் எடுக்கும் பாடப்பிரிவுக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே பாருங்கள். கட்டண பாக்கிக்காக அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசியே சொல்லியிருக்கிறது. அதைக் காட்டிக் கேளுங்கள்.

ஆனால் தனித்தனியே கவனமாக இருப்பதால் மட்டும் இது தீராது. 2.5 லட்சம் என்ற உதவித்தொகை வருமான வரம்பு உயர வேண்டும். ஆயிரம் ரூபாய் கூடினாலும் ஒரு குடும்பம் முழு உதவியையும் இழக்கிறது. கல்விக் கடன் தள்ளுபடி என்று 2021 தேர்தலில் கொடுத்த வாக்குறுதியைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியார் துறையில் இட ஒதுக்கீடு வேண்டும். கடன் கொடுக்க முன்வரும் சமூகம், அதை அடைக்க வேலையும் கொடுத்தாக வேண்டும்.